அருள்மலர் படியேறிய நாள்

துறைமுகத்தைப் பார்த்திருக்கும் ஓர்ஸ் ஹில் குன்றில், அல்பிரட்டின் வீட்டில், புதன்கிழமை விடிந்தால் ஒரு பொய்யும் கூடவே விடிந்துவிடும்.

"கோயிலில மரியாயின் சேனைக் கூட்டம் இருக்கு. அஞ்சலினாவோட ஓட்டோவில போயிட்டு வாறன்" என்பாள் அவர் மனைவி அருள்மலர். கையில் செபமாலை இருக்கும். தோள்பையில் செபப்புத்தகம் இருக்கும். அதற்குக் கீழே சுருட்டி வைத்த துவாய் ஒன்றும் இருக்கும்.

அந்தத் துவாய் எதற்கென்று இந்தக் குடும்பத்தோடு கூடவே வந்துகொண்டிருப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அருள்மலருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. வலது கால் படுமோசம். பெரிய டொக்டர் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒப்பரேசனைப் பேந்து யோசிப்பம். முதலில பயிற்சி வகுப்புக்குப் போங்க" என்று ஆஸ்பத்திரியின் பிசியோதெரபி பகுதிக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டில் அல்பிரட் ஒரே பிடியாக நின்றார். "தேஞ்ச சாமானை ஆராவது இன்னும் தேய்ப்பினமா? நீ பேசாம இரு. நான் பாக்கிறன்."

சொன்னபடியே பார்த்தும் கொண்டார். துறைமுகத்தில் டக் படகு ஓட்டி, பெரிய கப்பல்களைக் கரைக்கு இழுத்து வந்தே வயதைக் கழித்த மனிதர். ஓய்வு பெற்றதும் குசினியைத் தன் பொறுப்பில் எடுத்தார். மேல்மாடியிலிருந்த கட்டிலைக் கீழே இறக்கி, முன்னறைக்குப் பக்கத்தில் போட்டார். தேத்தண்ணி கட்டிலுக்கு வந்தது. சோறு கதிரைக்கு வந்தது. அருள்மலர் கையை ஊன்றி எழும்ப முன்னரே, "என்ன வேணும்? இரு, இரு" என்று ஓடி வருவார்.

அவர் அப்படிப் பார்க்கப் பார்க்க, அவளுடைய கால்கள் இன்னும் இன்னும் வலுவிழந்தன. அதை அவரிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதனால்தான் அந்தப் புதன்கிழமைப் பொய்.

வீட்டில் இன்னொரு மௌனமும் இருந்தது. மூத்தவன் மெல்ரோய், நீர்கொழும்பில் வேலைக்குப் போன இடத்தில் நதீஷா என்ற பெண்ணை யாருக்கும் சொல்லாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். செய்த பிறகுதான் தகப்பனுக்குச் சொன்னான். "சொல்லாமச் செய்தவன் சொல்லாமலே இருக்கட்டும். ரெண்டு பேரும் இந்த வாசல் மிதிக்கக்கூடாது" என்று அல்பிரட் தொலைபேசியை வைத்தார். அன்றிலிருந்து தகப்பனும் மகனும் கதைப்பதில்லை. தாய் மட்டும் ஞாயிறு பூசை முடிந்ததும், கோயில் வளவில் நின்று, மகள் அஞ்சலினாவின் போனில் மகனோடு கதைப்பாள்.

இந்தப் புதன்கிழமை காலையும் ஓட்டோ வந்தது. வழியில் மான்கள் நாலைந்து றோட்டுக்குக் குறுக்கே நின்று, யாரோ கொட்டிய வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தன. ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தும் நகரவில்லை.

"அப்பாவுக்குச் சொல்லிடுவம் அம்மா" என்றாள் அஞ்சலினா. பின்னேரங்களில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுப்பவள். காலையில் தாய்க்குத் துணை. "எத்தின நாளைக்கு மாதாவின்ர பேரைச் சொல்லிப் பொய் சொல்லுறது?"

"மாதாவுக்கு விளங்கும். உன்ர அப்பாவுக்குத்தான் விளங்காது."

மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

*

பயிற்சி வகுப்பு நடக்கும் நீள அறையில் கதிரைகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. கட்டைபறிச்சானிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடும் பாக்கியரத்தினம் ஐயா ஏற்கெனவே மரப்பெட்டி மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். வயல் செய்கிறவர்.

"வாங்க தங்கச்சி. என்ர வயல் வரம்பில ஏறினதை விட இந்தப் பெட்டியில கூட ஏறிட்டன். நெல்லுத்தான் விளையேல்ல."

பிசியோதெரபி மிஸ் சோபனா சிரித்தாள். இளம் பெண், குரலில் மட்டும் கண்டிப்பு. "கதை காணும் ஐயா. முதுகை நிமித்துங்க."

அருள்மலர் துவாயைச் சுருட்டி முழங்காலுக்குக் கீழே வைத்து அழுத்தினாள். கணுக்காலில் மணல் பையைக் கட்டிக் காலை நீட்டினாள். பிறகு அவளுக்குப் பிடிக்காத பயிற்சி வந்தது. கையை நெஞ்சில் மடக்கிக்கொண்டு, எதையும் பிடிக்காமல், கதிரையிலிருந்து எழும்ப வேண்டும். மெல்ல இருக்க வேண்டும். திரும்ப எழும்ப வேண்டும்.

வந்த புதிதில் இது அவளால் ஏலவே ஏலாது. கதிரைக் கையை இரண்டு கையாலும் தள்ளி, பல்லைக் கடித்து எழுந்ததும் கண்ணீர் வந்துவிடும். "செய்யேக்க கொஞ்சம் நொந்தாப் பயப்பிடாதீங்க அன்ரி. அடுத்த நாள் காலைமை அந்த நோ பழைய அளவுக்கு வந்திருக்க வேணும். வராட்டிச் சொல்லுங்க, குறைப்பம்" என்று சோபனா சொல்லியிருந்தாள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அருள்மலர் இத்தனை கிழமை வந்தாள்.

இன்றைக்கு எழுந்தாள். முழங்காலுக்குள் ஏதோ நெரிபட்டது. முகம் சுளித்தது. ஆனால் எழுந்துவிட்டாள்.

"மலர்!"

வாசலில் அல்பிரட் நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் அவளுடைய குடை, விரிக்காத குடை. மழையில் நனைந்தபடியே அதைச் சுமந்து வந்திருந்தார்.

நடந்தது இதுதான். மழை பிடித்ததும், மலர் குடை கொண்டுபோகவில்லையே என்று அவர் கோயிலுக்குப் போயிருக்கிறார். மண்டபம் பூட்டிக் கிடந்தது. கோயிலைப் பராமரிப்பவரிடம் கேட்டால், "அன்ரியோ? அவ புதன்கிழமையில ஆஸ்பத்திரிக்கெல்லோ போறவ" என்று அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். கோயில் பங்குச் சனத்துக்கெல்லாம் தெரிந்த விசயம் புருசனுக்கு மட்டும் தெரியவில்லை.

"என்ன வருத்தம் உனக்கு?" அல்பிரட் அவளுக்குக் கிட்ட வந்தார். "எனக்கு மறைச்சு, கிழமைக்குக் கிழமை ஆஸ்பத்திரிக்கு வாறாய். என்ன வருத்தமெண்டு சொல்லு."

அவர் எதை நினைத்துப் பயந்து இந்தத் தூரத்தை ஓடி வந்தார் என்று அருள்மலருக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஐயோ, ஒண்டுமில்லையப்பா. கால்தான். காலுக்குப் பயிற்சி."

பயம் போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. அவர் சோபனா பக்கம் திரும்பினார். "நோகுதெண்டு முகத்தைப் பாத்தாலே தெரியுது. தேஞ்ச காலை இன்னும் தேய்க்கிறீங்களே பிள்ளை?"

"இருங்க அங்கிள்" என்று சோபனா ஒரு கதிரையைக் காட்டினாள். அவர் இருக்கவில்லை. "ஆட்டுறதால இன்னும் தேயாது. சும்மா இருந்தாத்தான் தொடைத் தசை கரையும். பிறகு பாரம் முழுக்க மூட்டில விழும்."

"செய்தா நோ போயிடுமோ?"

சோபனா பொய் சொல்லவில்லை. "முழுக்கப் போகாது. கொஞ்சம் குறையும். கொஞ்சம் கூடுதலா நடக்கலாம். ஆளுக்கு ஆள் வித்தியாசம். விட்டா அந்தக் கொஞ்சமும் போயிடும். அதால விடாமச் செய்ய வேணும்."

"கொஞ்சத்துக்காகவா இவ்வளவு வதையும்?"

"அந்தக் கொஞ்சம் எனக்கு வேணும்" என்றாள் அருள்மலர்.

பாக்கியரத்தினம் ஐயா பெட்டியிலிருந்து இறங்கி, "தம்பி, நனைஞ்சு போனீங்க. தலையைத் துடையுங்க" என்று தன் துவாயை நீட்டினார்.

*

மூவரும் ஒரே ஓட்டோவில் திரும்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அல்பிரட் நேரே குசினிக்குள் போனார். பாரை மீனை வெட்டும் சத்தம் வழக்கத்தை விடப் பலமாகக் கேட்டது. அருள்மலர் போய் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் பழக்கதோசத்தில் ஒரு முக்காலியை இழுத்து அவள் பக்கம் தள்ளினார். அவள் இருக்கவில்லை.

"கோவமா?"

"கோவமில்ல." கத்தியைக் கழுவினார். "நான் செய்யிறதெல்லாம் உனக்குப் பாரமா இருக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியும்."

"அப்பிடிச் சொல்லாதீங்க."

"நீ இந்தப் படியில எத்தின தரம் ஏறி இறங்கினனி? தண்ணி வாளியோட, பிள்ளையோட, ஈரத்துணியோட. நான் எப்பவும் கடல்லதானே நிண்டனான். பிள்ளையளுக்குக் காய்ச்சல் வந்தாலும் நீ, கூரை பறந்தாலும் நீ. அந்தக் கால் தேஞ்சது இந்த வீட்டுக்காக. இப்ப நான் கரையில நிக்கிறன். நீ கொஞ்சம் இருந்தா என்ன மலர்?"

இந்த மனிதர் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லி அவள் கேட்டதில்லை. தன் கடனைத் தேத்தண்ணிக் கோப்பையிலும் சோற்றுக் கோப்பையிலும் வைத்துத் தந்துகொண்டிருந்திருக்கிறார்.

"நான் ஏறினது தண்ணி வாளிக்கு மட்டுமில்ல" என்றாள் மெதுவாக. "உங்கட படகைப் பாக்கத்தான் கனதரம் ஏறினனான்."

அல்பிரட் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப கீழ கிடந்து பாத்தாப் பக்கத்து வீட்டு மதில்தான் தெரியுது. இவ்வளவு கிட்டக் கடல் இருக்கு. நான் கண்டு எவ்வளவு காலம்! எனக்கு ஓடத் தேவையில்ல. மேல ஏறி அந்த யன்னலடியில ஒருக்கா நிக்க வேணும். அதுக்குத்தான் போறனான்."

"மேல போகாத."

குரல் சட்டென்று மாறியது. கோபமில்லை, வேறு ஏதோ.

"கூரை ஒழுகுது. நிலம் வழுக்கும். சொல்லுறதைக் கேள், மலர். இப்ப ஏறாத."

சாப்பாட்டின் போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சாப்பிட்டு முடிந்ததும், சந்தைக்குப் போய் வருவதாகச் சொல்லிச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

*

கேற் சாத்திய சத்தம் கேட்டதும் அருள்மலர் படியடிக்கு வந்தாள்.

"அம்மா, அப்பா இப்பத்தானே சொன்னவர்" என்றாள் அஞ்சலினா.

"நீ பின்னால வா. பிடிக்காத. விழுந்தா மட்டும் பிடி."

இடது கையால் கைபிடியைப் பற்றினாள். ஏறும்போது நல்ல கால் முதலில் என்று சோபனா சொல்லிக் கொடுத்திருந்தாள். இடது காலை வைத்து, உடம்பை உயர்த்தி, வலது காலைப் பக்கத்தில் சேர்த்தாள். நொந்தது. தாங்கக்கூடிய நோ. மூச்சு விட்டாள். அடுத்த படி.

ஒரு காலத்தில் இதே படிகளில் பறந்தவள். டக் படகு உட்துறைமுகத்துக்குள் திரும்பும்போது, அல்பிரட் ஒரு சின்ன ஊதல் ஊதுவார். அது கப்பலுக்குமில்லை, கரைக்குமில்லை. ஓர்ஸ் ஹில்லில் ஒருத்திக்கு. மாவு பிசைந்த கையோடு, இடுப்பில் மெல்ரோயோடு, இரண்டு படியாகத் தாண்டி ஏறி யன்னலைத் திறப்பாள். தூரத்தில் அந்தப் படகு விரலளவு தெரியும். அவரால் அவளைக் காண முடியாது. ஆனாலும் தொப்பியைக் கழற்றி அசைப்பார். ஊரடங்குக் காலத்தில், சூட்டுச் சத்தம் கேட்ட நாட்களில், அந்த ஊதல் வரும்வரை வீட்டில் அடுப்பு எரியாது. வந்த பிறகுதான் அரிசி உலையில் விழும்.

திருப்பத்தில் நின்றாள். நெற்றி வியர்த்தது. வலது தொடை நடுங்கியது.

"காணும் அம்மா. இறங்குவம்."

"விசரி. பாதியில நிண்டு இறங்கவோ இவ்வளவு நாள் நெரிபட்டனான்?"

கடைசிப் படியில் வலது காலைச் சேர்த்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சுவரைத் தடவிக்கொண்டு போய் யன்னலைத் திறந்தாள்.

கடல் அங்கேயே இருந்தது. மழை கழுவிய உட்துறைமுகம் பளபளவென்று கிடந்தது. சீனக்குடாப் பக்கத்து மலைகள் நீலமாகத் தெரிந்தன. கப்பல் ஒன்று நடுவில் நங்கூரமிட்டு நின்றது; அதன் பக்கத்தில் ஒரு டக் படகு, புதிது, யாரோ ஒரு பொடியன் ஓட்டுவது. அருள்மலர் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அது போகிற திசையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். அது ஊதவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. காற்று முகத்தில் அடித்தது. அது போதும் போலிருந்தது.

அப்போதுதான் மூக்கில் பெயின்ற் வாசம் ஏறியது.

"அம்மா, இஞ்ச வாங்க" என்று அஞ்சலினா கூப்பிட்டாள்.

கட்டில் கீழே இறங்கியதிலிருந்து அஞ்சலினாவும் மேலே ஏறியதில்லை; மெல்ரோயின் அறை பூட்டிக் கிடக்கும் என்றுதான் இருவரும் நினைத்திருந்தார்கள். கதவு சாத்தியிருந்தது, பூட்டு இல்லை. உள்ளே சுவர்கள் வெளிர் மஞ்சளில் புதிதாக இருந்தன. கட்டிலில் புது மெத்தை. யன்னலுக்குப் பூப்போட்ட திரை. சுவரில் ஒரு கண்ணாடி, பெண் ஒருத்தி நின்று தலை வாரும் உயரத்தில். கூரை எங்கும் ஒழுகவில்லை.

கீழே சைக்கிள் நிறுத்தும் சத்தம் கேட்டது. பிறகு படியில் அவசரமான காலடிகள். அல்பிரட் மேலே வந்து, அறை வாசலில் நின்றவளைப் பார்த்தார்.

"எப்பிடி ஏறினனி?"

"ஒவ்வொரு படியா."

அவர் படிகளைத் திரும்பிப் பார்த்தார், அவளுடைய காலைப் பார்த்தார். முகத்தில் வந்த பெருமையை மறைக்க அவருக்குத் தெரியவில்லை.

"கூரை ஒழுகுதெண்டு சொன்னீங்க" என்றாள் அவள். "ஆருக்கு இந்த அறை?"

அல்பிரட் கட்டிலின் விளிம்பில் இருந்தார். "புதன்கிழமையில நீ கூட்டத்துக்குப் போகேக்கதான் பூசினனான். கீழ மணந்தா நீ சந்தேகப்படக்கூடாதெண்டு கேற்றுக்கும் பூசினனான்."

அஞ்சலினா வாயைப் பொத்திக்கொண்டாள். கேற் வடிவாக இருக்கிறதென்று போன கிழமை அம்மா பாராட்டியது அவளுக்கு நினைவிருந்தது.

"மெல்ரோய் வாறானா?" அருள்மலரின் குரல் எழும்பியது. "அவனோட கதைச்சீங்களா?"

"மெல்ரோய் இல்ல."

"பின்ன?"

"நதீஷா. அந்தப் பிள்ளை எனக்குப் போன் எடுத்தவ. தமிழும் சிங்களமும் கலந்து, அழுதுகொண்டு. 'மாமா, கொஞ்ச நாள் உங்கட வீட்டில வந்து நிக்கலாமா' எண்டு கேட்டவ. அவ மட்டும். வாற சனிக்கிழமை வாறா."

"ஏன்? என்ன நடந்தது?"

"கேட்டனான். வந்து சொல்லுறன் எண்டவ. மாமிக்கு இப்ப சொல்லாதீங்க, அவ மெல்ரோயோட கதைக்கிறவ எண்டும் சொன்னவ." அவர் உள்ளங்கையைத் தேய்த்தார். "வாசல் மிதிக்கக்கூடாதெண்டு சொன்னது நான். அப்பிடியிருந்தும் உன்னட்டக் கேக்காம என்னட்டக் கேட்டவ. ஏலாதெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல."

போன ஞாயிற்றுக்கிழமை மெல்ரோய் கதைத்ததை அருள்மலர் நினைத்துப் பார்த்தாள். "எல்லாரும் சுகம் அம்மா" என்றான். நதீஷா எங்கே என்று கேட்டதற்கு, குளிக்கிறாள் என்றான். அதற்கு முந்தின ஞாயிறும் அவள் குளித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அஞ்சலினாவின் கையிலிருந்த போன் அடித்தது. அவள் திரையைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள்.

"மெல்ரோய் எடுக்கிறான்."

புதன்கிழமையில் அவன் எடுத்ததே இல்லை. அல்பிரட் தலையை மெல்ல அசைத்தார், சொல்லாதே என்பது போல. அருள்மலர் போனை வாங்கினாள்.

"அம்மா?" காய்ச்சலோடு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து நிற்கும் சின்னப் பொடியனின் குரல். "அம்மா, நதீஷா அங்க போன் எடுத்து ஏதும் கதைச்சவளா?"

கணவரின் முகம் ஒரு பக்கம், மகனின் மூச்சு இன்னொரு பக்கம். ஓம் என்றால் ஒரு பெண்ணின் நம்பிக்கை போகும். இல்லை என்றால் பிள்ளைக்குப் பொய் சொன்னவளாவாள். அருள்மலர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ முதலில சொல்லு மகன், மத்தியானம் சாப்பிட்டியா?"

மறுமுனையில் மெல்ரோய் அழுகையை விழுங்கும் சத்தம் கேட்டது. அல்பிரட் எழுந்து வந்து, அந்தப் போனில் தன் காதையும் வைத்தார்.